சுமை கேட்கும் உடல்

நம் சங்க மலரில் எழுதுவோர் பெரும்பாலும் இலக்கியத்தைப் பற்றியே எழுதுவர். உயிர்வேதியியல் பயிலும் எனக்கு அத்துறையில் புகுந்து எழுதும் துணிவு இல்லை. ஆயினும், நாம் எல்லோரும் நாள்தோறும் சுமந்து திரிகின்ற ஒரு பொருளைப் பற்றி, அதாவது நம் உடலைப் பற்றி, நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அப்பாடத்தை நூலில் படிக்குமுன் வீட்டில் படித்தேன். ஆகவே வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

விழுந்த ஆச்சி

2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நெல்லை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் குளியலறையில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆச்சி ஈரத்தரையில் கிடந்தாள். அவளுடைய எடை 46 கிலோ. ஒரு மூட்டை நெல்லின் எடைகூட இல்லை. ஆனால் அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்தும் அவளைத் தூக்கி நிறுத்த எங்களால் முடியவில்லை. எதிர்வீட்டு அண்ணன் வந்துதான் தூக்கிக் கட்டிலில் விட்டார்.

நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் அச்சம் பிடித்துக்கொண்டது. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று ஆச்சி ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அதன்பின், கைப்பிடித்து எழுப்பினாலன்றி நாற்காலியிலிருந்து எழ முடியாதவளாகிவிட்டாள். கிணற்றில் நீர் இறைத்தும், உலக்கை பிடித்து நெல் குத்தியும், தலையில் விறகு சுமந்தும் வாழ்ந்தவள் அவள்!

ஆச்சிக்கு நேர்ந்தது ஒரு துயரம். அத்துடன் இன்னொன்றும் என் மனத்தை உறுத்தியது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தன் தாயின் துணையிருந்தும், தன் பாட்டியைத் தரையிலிருந்து எழுப்ப வலிமையற்றவளாக நின்றேனே, அது ஏன்?

விடுமுறை முடிந்து காசிக்குத் திரும்பினேன். அவ்வாண்டு ஆகஸ்டில் மாணவர்க்கான மருத்துவச் சோதனை முகாம் ஒன்று நடந்தது. விளையாட்டாகத்தான் இரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 108 என்று வந்தது. நூறுக்குக் கீழ் இருப்பதே நலம். 126-ஐ எட்டினால் நீரிழிவு. இடையே இருப்பது அந்நோயின் வாயிற்படி. என் உயரம் 158 சென்டிமீட்டர். எடை 50 கிலோ. என்னைக் கண்டோர் எல்லாரும், “இன்னும் கொஞ்சம் சாப்பிடக்கூடாதா?” என்றுதான் கேட்பர். ஒல்லியான எனக்கு இது எப்படி வந்தது?

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பதைப் பின்னர் அறிந்தேன். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

நம் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் ஐந்து கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அவ்வளவே. ஆனால் நண்பகலில் விடுதியில் நாம் உண்ணும் 200 கிராம் சோற்றில் ஐம்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளது. அது செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் வந்து கலக்கிறது. ஐந்து கிராம் இருக்கவேண்டிய இடத்தில் அதைப்போல் பத்து மடங்கு வந்து சேர்ந்தால் அது எங்கே போகும்?

நெல் கொட்டி வைக்கும் குதிருக்கு எங்கள் ஊர்ப்பக்கம் குலுக்கை என்று பெயர். அறுவடை நெல்லை முற்றத்திலேயே விட்டுவைத்தால் கெடும். குலுக்கையில் கொட்டினால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். உடலுக்கும் குலுக்கை உண்டு. ஈரல் ஒரு சிறு குலுக்கை. அது நூறு கிராம் அளவுக்குக் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேர்த்து வைக்கும். பெரிய குலுக்கை தசை. வளர்ந்த ஒருவரின் தசைகள் எல்லாம் சேர்ந்து நானூறு, ஐந்நூறு கிராம் வரை சேர்த்து வைக்க வல்லவை. இன்சுலின் என்னும் சுரப்பின் ஏவலால் இரத்தத்திலிருந்து நீங்கும் குளுக்கோஸில் நூற்றுக்கு எண்பது பங்கு தசைக்குள்ளேயே செல்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கு ஓர் அருமையான நுட்பம் உண்டு. தசையணுவின் சுவரில் குளுக்கோஸ் நுழைவதற்கான கதவுகள் உள்ளன. அவற்றுக்குக் குளுட்-4 என்று பெயர். இன்சுலின் வந்து தட்டினால் இக்கதவுகள் உள்ளிருந்து சுவருக்கு வந்து திறக்கின்றன. தசை சுருங்கி வேலை செய்தாலோ, இன்சுலின் தட்டாமலேயே அவை திறக்கின்றன! வேலை செய்யும் தசை தானே கதவைத் திறந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. வேலை செய்யாத தசை கதவைச் சாத்திவைத்துக்கொண்டு, தட்டினாலும் எளிதில் திறவாத சோம்பலை அடைகிறது. குலுக்கையும் சிறியது, கதவும் திறவாது என்றால், நெல் முற்றத்தில் கிடந்து கெடுவதில் வியப்பு என்ன?

ஒல்லி வேறு, நலம் வேறு

2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இரு மருத்துவ ஆய்வாளர்களின் நிழற்படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்துச் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கும் இருவரும் மெலிந்தவர்களே. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 என்றும், யாஜ்னிக்குக்கு 21.2 என்றும் வந்தது. எடைத்தராசு இருவரையும் ஒன்றாகக் காட்டியது. உள்ளே இருந்த சரக்கு வேறு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கோ மருத்துவமனைப் பணியிலேயே மூழ்கியிருந்தவர். பிறப்பு வழியாக வந்த காரணங்களும், தாயின் கருவில் கிடைத்த ஊட்டத்தின் குறையும், வாழ்க்கை முறையும் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

இந்தியருள் பலர் வெளியே ஒல்லியாகவும் உள்ளே தசை குறைந்து கொழுப்பு மிகுந்தும் இருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருத்தி என்பதை அப்படத்தைக் கண்டபோது உணர்ந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதென்றும், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் கணக்கிட்டது. அவ்வாயிற்படியில் நிற்போர் எல்லாரும் தொந்தி பெருத்தவர் என்று எண்ணவேண்டா. நம் விடுதி அறைகளிலும் அவர்கள் இருக்கக்கூடும்.

உட்கார்ந்தே கழியும் நாள்

ஒருநாள் என் பொழுதை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். வகுப்பில் நான்கு மணி நேரம். ஆய்வுக்கூடத்து முக்காலியில் மூன்று. மடிக்கணினியின் முன் மூன்று. உணவு மேசையிலும் படுக்கையில் சாய்ந்து செல்பேசி பார்ப்பதிலுமாக இரண்டு. ஆகப் பன்னிரண்டு மணி நேரம்! அன்று நான் தூக்கிய பெருஞ்சுமை என்னுடைய புத்தகப்பைதான்.

உட்கார்ந்திருப்பதன் தீமையை முதன்முதல் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரமி மாரிஸ். இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குவார். ஒரே வண்டி, ஒரே நகரம். ஆனால் நடத்துநரைவிட ஓட்டுநருக்கே மாரடைப்பு நோய் மிகுதியாக வந்தது என்பதை மாரிஸ் குழுவினர் 1953-இல் வெளியிட்டனர். அவர் நேர்மை பாராட்டத்தக்கது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருத்த இடையினராக இருந்தனரோ என்று ஐயுற்று, அவர்களுக்கு வழங்கிய சீருடைகளின் இடுப்பளவையும் ஆராய்ந்து, அவ்வேறுபாடு தொடக்கத்திலேயே ஓரளவு இருந்தது என்று 1956-இல் தாமே எழுதினார். பின்னர் வந்த எத்தனையோ ஆய்வுகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதி செய்துவிட்டன.

“பழைய வாழ்க்கையே நல்லது, ஆட்டுக்கல்லும் அம்மியும் போனதால் வந்த வினை இது” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நான் அதற்கு உடன்படேன். ஆட்டுக்கல்லும் உலக்கையும் ஆச்சியின் கைகளுக்கு வலிமை தந்தன, உண்மை. ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்தை அவையே பறித்துக்கொண்டன. அவை எங்கள் வீட்டை விட்டுப் போனதனால்தான் நான் இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கிறேன். போன சுமை போனதே நன்று. அது வேறு வழியின்றிச் சுமந்த சுமை. இன்று நமக்குத் தேவை, நாமே அளந்து தேர்ந்து, வாரத்தில் சில நாழிகை மட்டும் எடுத்துக்கொள்ளும் சுமை.

நடந்தால் போதாதா?

கங்கைக் கரையில் மாலைதோறும் நடக்கும் நண்பர்கள் இதைக் கேட்பர். நடை மிக நல்லது. இதயத்துக்கும் மூச்சுக்கும் உற்ற துணை. அதை விடவேண்டா. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில் இரண்டு கட்டளைகள் உள்ளன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது ஒன்று. வாரத்தில் இரண்டு நாளேனும் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலிமை தரும் பயிற்சி வேண்டும் என்பது மற்றொன்று. முதற் கட்டளையை எல்லாரும் அறிவர். இரண்டாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

காரணம் எளிது. நடக்கும்போது கால்கள் தமக்குப் பழகிய எடையையே சுமக்கின்றன. முதுகும் தோளும் கைகளும் ஏறக்குறைய ஓய்வாகவே இருக்கின்றன. தசை வளர்வதற்குப் பழக்கத்தை மிஞ்சிய சுமை வேண்டும். எலும்பின் இயல்பும் அதுவே. தன்மேல் வரும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-இலேயே எழுதினார்.

சுமை நீங்கினால் என்ன ஆகும்? முப்பது வயதுக்குப் பின், பயிற்சி இல்லாத உடல் ஒவ்வொரு பத்தாண்டிலும் தன் தசையில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை இழக்கிறது. படுத்துவிட்டாலோ இழப்பு மிக விரைவு. நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அப்பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைப்பகுதி கரைந்துவிட்டது! இதைப் படித்தபோது, ஒரு மாதம் கட்டிலில் கிடந்த எங்கள் ஆச்சியை நினைத்தேன். விழுந்ததனால் அவளுக்கு வந்த கேடு சிறிது. படுத்ததனால் வந்ததே பெரிது.

துளசி கட்டத்தில் கண்டது

காசியில் துளசி கட்டத்துக்கு மேலே ஓர் அகாடா இருக்கிறது. துளசிதாசரின் பெயரோடு வழிவழியாகச் சேர்த்துப் பேசப்படும் மற்பயிற்சிக் களம் அது. அண்மை ஆண்டுகளில் பெண்களும் அங்கு மற்போர் பயில்கின்றனர். ஒருநாள் காலையில் படிக்கட்டில் நின்று பார்த்தேன். மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய குழி. சுவரோரம் சாத்திய கனத்த மரக்கட்டைகள். மூங்கிற் கழியின் முனையில் கல் உருண்டை பொருத்திய கதை. அங்கிருந்தோர் ஜோடி என்று சொல்லிச் சுழற்றியது நம்மூர்க் கர்லாக்கட்டையின் உறவு. அவர்கள் தண்டு என்பது நம் தண்டால். அவர்கள் பைட்டக் என்பது நம் பஸ்கி. மொழி தெரியாத ஊரில் உறவினர் வீட்டைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன்.

இப்பயிற்சிகள் உலகம் சுற்றியவை. 1834-இல் டொனால்டு வாக்கர் எழுதிய ஆங்கில உடற்பயிற்சி நூலிலேயே இந்தியக் கட்டைகள் இடம்பெற்றுவிட்டன. 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் கட்டை சுழற்றுதல் ஒரு தனிப் போட்டியாகவே நடந்தது. நமக்கும் இம்மரபு புதிதன்று. ஆமூர் மல்லனை வென்ற போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடுகிறது. பல்லவ வேந்தன் ஒருவன் மாமல்லன் என்ற பட்டத்தைப் பெருமையோடு தாங்கினான். தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. பொங்கலன்று அதைத் தூக்கும் போட்டியும் சில ஊர்களில் நடக்கிறது.

அங்கிருந்த முதிய பயில்வான் ஒருவரிடம், “இவ்வளவு பெரிய கட்டையை எப்படித் தூக்கினீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் சிரித்தார். “இதையா தூக்கினேன், மகளே? சின்னதைத் தூக்கினேன். அது லேசானதும் அடுத்ததை எடுத்தேன். அவ்வளவுதான்” என்றார்.

வலிமைப் பயிற்சி என்னும் அறிவியல் முழுதும் இவ்விடையில் அடங்கும். பண்டைக் கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையாக வளர்ந்தபோதும் தூக்கினான் என்ற கதையின் உட்பொருளும் இதுவே. இதை மருத்துவ முறையாக்கியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க மருத்துவர். இளமையில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்து, பின் எடை தூக்கித் தேறியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட வீரர்க்கு, மெல்லிய எடையைப் பலமுறை அசைக்கும் பழைய முறையை மாற்றி, பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய கனமான எடையைக் கொடுத்து, வலிமை கூடக்கூட எடையையும் கூட்டினார். அவர் கட்டுரை 1945-இல் வெளிவந்தது.

இதன் எல்லையைக் காட்டியது 1990-இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்தனர். முடித்தவர் ஒன்பதின்மர். அவர்களுடைய கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் அளவு 9 விழுக்காடு பெருத்தது. இருவர் ஊன்றுகோலை விட்டு நடந்தனர்.

174 எங்கே, 9 எங்கே? தசை சிறிதே பெருக்க, வலிமை இத்தனை மடங்கு கூடியது எப்படி? தொடக்க வாரங்களில் முதலில் பாடம் கற்பது நரம்பு. உறங்கிக் கிடந்த தசையிழைகளை ஒருங்கே எழுப்ப அது பழகிக்கொள்கிறது. இழைகள் தடித்து வளர்வது அதன்பின் மெல்ல நிகழ்கிறது. ஆகவே முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து ஏமாற்றம் கொள்ளவேண்டா.

பயிற்சி முறை

எங்கள் விடுதியில் எடைக்கருவிகள் இல்லை. பழைய தோள்பை ஒன்றும், ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் புட்டிகளுமே என் கருவிகள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆதலால் எடைக்கணக்கு தானே வந்துவிடுகிறது. நான் செய்யும் முறை இது:

1. பஸ்கி. பையை மார்போடு அணைத்து, பின்னால் ஒரு நாற்காலி இருப்பதுபோல் உட்கார்ந்து எழுதல். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது.

2. தண்டால். முதலில் சுவரில் கைவைத்து, அது எளிதானபின் மேசையில், அதன்பின் தரையில்.

3. குனிந்தெடுத்தல். தரையிலுள்ள பையை, முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்துக் குனிந்து எடுத்து நிமிர்தல். ஆச்சியைத் தூக்கத் தவறியபோது எங்களுக்குத் தெரியாமற்போன அசைவு இதுதான்.

4. இழுத்தல். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் பையை விலாவை நோக்கி இழுத்தல். நாள் முழுதும் கூனி உட்காரும் முதுகுக்கு இது மருந்து.

5. சுமந்து நடத்தல். இரு கைகளிலும் சம எடை ஏந்தித் தாழ்வாரத்தில் நடத்தல்.

முதல் நான்கையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் இரு தடவை செய்யவேண்டும். இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்று தோன்றும்போது நிறுத்திவிடலாம். மூன்று தடவையிலும் பன்னிரண்டை எட்டிவிட்டால் அடுத்த நாள் ஒரு புட்டி கூட்டவேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையே ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். மறுநாள் தசை வலித்தால் அஞ்சவேண்டா. இரண்டு மூன்று நாளில் அது மறையும். மூட்டில் குத்தும் வலி வந்தாலோ உடனே நிறுத்துங்கள். இதயநோய், உயர்ந்த இரத்த அழுத்தம், பழைய முதுகுவலி உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

இன்னொன்று: ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு இல்லாமல் ஒரு சோதனையும் செய்யமாட்டோம். இதற்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், எடை, எத்தனை முறை, இவ்வளவே எழுதினால் போதும். குறிப்பேட்டில் எண் ஏறவில்லையென்றால் பயிற்சி நடக்கவில்லை. பழக்கம் மட்டுமே நடக்கிறது.

சில ஐயங்கள்

“பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப்போல் ஆகிவிடுவர்” என்று என் அறைத்தோழி அஞ்சினாள். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுடைய இரத்தத்தில் பெண்களுக்கு உள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் உள்ளது. பெண்கள் வலிமை பெறுவர், உருவம் மாறிவிடாது. மாதவிலக்கு நின்றபின் எலும்பு விரைவாகத் தேயும் இயல்புடைய பெண்களுக்கே இப்பயிற்சி பெரிதும் தேவை.

“நேரம் இல்லை” என்பது அடுத்தது. நாற்பது நிமிடம் வீதம் வாரம் இருமுறை. செல்பேசியில் நாம் ஒருநாளில் இழப்பதைவிட இது குறைவு.

“புரதப்பொடி வாங்கவேண்டாமா?” என்பது ஆண்தோழர்கள் கேட்பது. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நெறிமுறை கூறுகிறது. வலிமைப்பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை நன்று. ஐம்பது கிலோ எடையுள்ள எனக்கு அறுபது கிராமேனும் தேவை. விடுதிப் பருப்புக் குழம்பில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஓர் ஆராய்ச்சி வேண்டும். அதை மட்டும் நம்ப இயலாது. ஒரு முட்டையில் ஆறு கிராம். கால் லிட்டர்ப் பாலில் எட்டு. நூறு கிராம் பொட்டுக்கடலையில் ஏறக்குறைய இருபது. காசித் தெருக்களில் விற்கும் சத்து என்னும் வறுத்த கடலைமாவும் இதே இனந்தான். பெயரும் நம் காதுக்கு இனியது! மலிவான இவற்றை உண்டாலே பொடியின் தேவை இராது.

கண்ட பயன்

நான்கு புட்டிகளோடு 2024 ஆகஸ்டில் தொடங்கினேன். முதல் நாள் சுவர்த்தண்டால் ஆறு செய்வதற்குள் கை நடுங்கியது. தேர்வு நேரத்தில் மூன்று வாரம் விட்டேன். மீண்டும் இரண்டு புட்டிகளைக் குறைத்துக்கொண்டு தொடங்கினேன். 2025 மார்ச்சில் 20 லிட்டர்த் தண்ணீர்க் கேனை இரண்டாம் மாடிக்கு ஒருவர் துணையுமின்றித் தூக்கிச் சென்றேன். அம்மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. இதைக் கொண்டு எதையும் நிறுவிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒருவரின் ஓர் எண் சான்றாகாது. தேநீரில் சர்க்கரையையும் இடையில் குறைத்திருந்தேன். சான்று மேலே சொன்ன ஆய்வுகளில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஆறுதல்.

அவ்வாண்டு மே மாதம் ஊருக்குச் சென்றேன். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுவதற்குக் கை நீட்டினாள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மறுநாளே பாடம் தொடங்கினேன். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். இரண்டாம் வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தோம். மூன்றாம் வாரத்தில் மற்றொன்றையும் எடுத்தோம். விடுமுறையின் கடைசி நாட்களில் கைப்பிடியைத் தொடாமல் தானே எழுந்து நின்றாள். நின்றபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏட்டி, உக்காந்து எந்திக்கதுக்கா காசி வரைக்கும் போயி படிக்கே?”

ஆம் ஆச்சி, அதற்குத்தான் என்றேன்.

நண்பர்களே! நம் சங்கக் கூட்டம் மாதந்தோறும் சனிக்கிழமை மாலை கூடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்கும் பொறுமை நமக்கு உண்டு. அதற்கு முன்னால் அரைமணி நேரம் ஒன்றாக நின்று பஸ்கியும் தண்டாலும் பழகலாமே! முறையைக் கூடிக் கற்றபின் வார நாட்களில் அவரவர் அறையில் தொடரலாம். வருவோர் ஒரு பழைய பையும் நான்கு புட்டிகளும் கொண்டுவாருங்கள். தண்ணீர் இங்கேயே இருக்கிறது.